பின்கடப்பால் வந்த மிஸ்

அன்று நான் கேற்றைத் திறக்காமல் விட்டது என் கைக்குழந்தைக்காகவா, உம்மாவுக்காகவா? ஐந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இதைத் தொழுகைப் பாயிலும் என்னிடம் கேட்டிருக்கிறேன், சோறு வடிக்கும்போதும் கேட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பதில் வரும். மறுநாள் அது பொய் என்று தோன்றும்.

கேற்றுக்கு வெளியே நின்றவர் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவமாது. வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பவர். எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை எங்கள் ஒழுங்கைக்காரர், இந்தச் சின்னச் சந்தில் இருப்பவர்கள், போதுமான அளவு தெருவில் இழுத்தாயிற்று.

எங்கள் முஸ்லிம் ஊருக்கு அடுத்த பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ் ஆள். வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். வெள்ளைச் சீருடை, பழைய ஸ்கூட்டி, ஒரு கறுப்புக் குடை. குடை வெயிலுக்கல்ல, எங்கள் ஒழுங்கை நாய்களுக்கு. வீட்டுக்கு வந்தால் முன் ஹோலில் கதிரை போட்டாலும் இருக்கமாட்டார். நேரே பின்னால் சமையல் குசினிப் பக்கம் போய்க் கொய்யா மரத்துக் கிளையில் தராசைக் கொழுவுவார். குழந்தையைத் துணிப் பையில் வைத்துத் தொங்கவிட்டு, முள் அசையாமல் நிற்கும்வரை மூச்சுக்கூட விடாமல் பார்ப்பார். பிறகுதான் கதை. சீனி போடாத தேத்தண்ணி. உம்மாவுக்கு அது பெரிய குறை. “சீனி இல்லாத தேத்தண்ணி குடிக்கிற மனிசிக்கு எப்பிடி மிஸ் இவ்வளவு சிரிப்பு வருது?” என்று கேட்பார்.

அவரிடம் யாராவது ஒரு செய்தியோடு போனால் முதலில் வருவது ஒரே ஒரு கேள்வி. “கண்டதா, கேட்டதா?”

என் மகள் பிறந்து பன்னிரண்டாம் நாள். பக்கத்து வீட்டு சாச்சி வந்திருந்தார். சொந்தச் சின்னம்மா இல்லை. ஒழுங்கைக்கே சாச்சி. பால் கொடுக்கிற தாய் நண்டு சாப்பிட்டால் பிள்ளைக்குச் சிரங்கு வரும் என்று அவர் அடித்துச் சொன்னார்.

“கண்டதா சாச்சி, கேட்டதா?”

“கேட்டதுதான்.”

“யாருக்கிட்ட?”

“எங்கட உம்மாக்கிட்ட.”

“அவ கண்டாவா?”

“நல்லாரிக்கி. மௌத்தாகிப் பத்து வருசம். கபுறடிக்குப் போயா மிஸ் கேட்டுட்டு வாற?”

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். சாச்சியை வெட்கப்படுத்தவில்லை. நண்டு சாப்பிடச் சொல்லி என்னை வற்புறுத்தவும் இல்லை. “சரி, நண்டு வேணாம். முட்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லத்தானே?” என்று கேட்டுவிட்டு, தினமும் ஒரு முட்டை என்று கொப்பியில் எழுதினார். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்க ஏலாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது இன்றுவரை தெரியாது. நான் படித்தவள். உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவள். ஆனாலும் மகளுக்குத் தும்மல் வந்தால் மூன்று பேரிடம் கேட்டுவிட்டு, மூன்று பதிலையும் பயந்து பயந்து செய்து பார்ப்பவள்.

அவரைப் பற்றி ராத்தா சொல்லும் ஒரு கதை உண்டு. ராத்தா என் மூத்த சகோதரி. அவளுடைய மூத்தவன் கைக்குழந்தையாக இருந்த காலம். சுனாமி முடிந்து சில வருடங்கள். கிளினிக் நடந்துகொண்டிருக்கும்போது யாரோ வீதியில் “கடல் வருது” என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எங்கள் கரையில் அந்த இரண்டு சொல்லும் போதும். தாய்மார் எல்லாம் எழும்பிவிட்டார்கள். செருப்புகள், கொப்பிகள், ஒரு குழந்தை இன்னும் தராசில். மிஸ் அந்தக் குழந்தையைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்துவிட்டு, “உள்ளுக்குப் போற ரோட்டால நடக்கத் தொடங்குங்க. ஓட வேணாம், புள்ளகள் விழும். நான் பாத்துட்டு வாறன்” என்றாராம். எல்லோரும் மேற்கே நடக்க, அவர் மட்டும் பக்கத்துக் கட்டிடத்தின் மேல்மாடிக்கு ஏறிக் கடலைப் பார்த்திருக்கிறார். இறங்கி வந்து ஸ்கூட்டியில் பின்னால் போய், நடந்துகொண்டிருந்தவர்களிடம் சொன்னாராம், “கடல் அதுட இடத்துலதான் இருக்கு. திரும்பி வாங்க. இன்னும் ஏழு புள்ளகள் நிறுக்கேல்ல.”

அன்றைக்குச் சில பெண்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்களாம். வீணாகப் பயந்துவிட்டோம் என்று. மிஸ் சிரிக்கவில்லை. “பயந்தது பிழையில்ல. ஒருத்தர் போய்ப் பாக்கோணும். அவ்வளவுதான்” என்றிருக்கிறார்.

கொரோனா வந்தபோது ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. எல்லோரும் கேட்டோம்.

இந்த இடத்தில் எங்கள் வளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. வாப்பா உயிரோடிருந்த காலத்தில் தன் வளவை இரண்டாகப் பிரித்து, பின்பாதியில் ராத்தாவுக்கும் முன்பாதியில் எனக்கும் வீடு கட்டித் தந்தார். என் கேற் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது. ராத்தாவின் கேற் பின்னாலுள்ள வீதியில். கடதாசியில் பார்த்தால் இரண்டு வீதி, சுகாதார அலுவலகத்தில் இரண்டு பட்டியல். ஆனால் நடுவிலுள்ள தகரவேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. கடப்பு என்போம். கறிச்சட்டி, தேங்காய்ப்பூ, பிள்ளைகள், கோபம், சமாதானம் எல்லாம் அந்தக் கடப்பால்தான் போய்வரும். ஆண்கள் கேற்றைப் பாவிப்பார்கள். நாங்கள் கடப்பைப் பாவிப்போம். உம்மா என்னோடு இருந்தார். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது ராத்தாவின் குசினிக்குப் போய்வருவார்.

ஊரடங்கு தொடங்கிய வாரமே நான் முன்கேற்றுக்குப் பெரிய பூட்டு வாங்கிப் போட்டேன். என் கணவர் கட்டாரில். தினமும் தொலைபேசியில் “புள்ள கவனம், ஒருத்தரையும் உள்ள எடுக்காத” என்பார். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு திரிந்தேன். மரக்கறியைச் சவர்க்காரத் தண்ணியில் கழுவினேன். கடப்புக்கு மட்டும் பூட்டுப் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அது எங்களுக்கு வாசலே இல்லை. வீட்டின் ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்குப் போகும் வழி.

அதைக் கண்டவர் மிஸ் ஒருவர்தான். ஒரு காலையில் கேற்றுக்கு வெளியே நின்று, ஜன்னலால் நான் காட்டிய பிள்ளையைப் பார்த்துவிட்டு, “பூட்டு நல்ல பூட்டு மகள். பின்கடப்பு?” என்று கேட்டார்.

“அது வீட்டுக்குள்ளதானே மிஸ்” என்றார் உம்மா.

“அப்ப ரெண்டு வீட்டாக்களுக்கும் ஒரே மூச்சுத்தான். ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதுறன்” என்று சொல்லி, கொப்பியில் உண்மையாகவே எழுதினார். உம்மா அவரைச் சீண்டுவதற்காகக் கேட்டார், இப்படி ஊரெல்லாம் சுற்றுகிறீர்களே, உங்களுக்குப் பயமே இல்லையா என்று. “பயம் இருக்கு உம்மா. அதாலதான் ரெண்டு மாஸ்க்” என்றார் மிஸ்.

அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையின் தொங்கலில், கடைசி முனையில், ஒரு வீட்டுக் கேற்றில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. தனிமைப்படுத்தப்பட்ட வீடு. சாச்சி தன் கேற்றில் தொங்கிக்கொண்டு மிஸ்ஸிடம் கேட்டார், அந்த வீட்டுக்கு நோயை யார் கொண்டுவந்து கொடுத்தது என்று. மிஸ் சொன்ன பதில் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. “கொண்டு வந்த ஆளத் தேடிப் பிடிச்சா ஒருத்தருக்கும் சுகம் வராது சாச்சி. அடுத்தது யாருக்குப் போகப்போகுது? அதக் கேளுங்க.”

அடுத்தது எங்களுக்கு வந்தது.

ராத்தாவின் கணவர் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடை மூடிவிட்டார்கள், அறையில் சாப்பாடு இல்லை. மரக்கறி லொறி ஒன்றில் ஏறி ஊருக்கு வந்துவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. பதிந்தால் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள் என்று பயம். பின்வீதிக் கேற்றால் வந்து, ராத்தாவின் பின்னறையில் இருந்தார். அவருக்கு இரண்டு நாள் உடம்பு வலி, அவ்வளவுதான். மருமகனுக்கென்று உம்மா கஞ்சி காய்ச்சிக் கடப்பால் கொண்டுபோய்க் கொடுத்தார். பக்கத்தில் இருந்து குடிக்கவும் வைத்தார். எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கழுத்தில் முன்கேற்றின் சாவி தொங்கியது.

ஒரு வாரம் கழிந்து உம்மாவுக்குக் காய்ச்சல்.

அந்த நோயில் மௌத்தானவர்களை, எந்தச் சமயத்தவரானாலும், அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எங்கள் ஆட்களுக்கு நோயைவிட அதுதான் பயம். குளிப்பாட்டாமல், தொழுவிக்காமல், நெருப்பில். காய்ச்சல் வந்தவர்கள் மூடி மறைத்தார்கள். இருமல் வந்தவர்கள் தலையணைக்குள் இருமினார்கள். உம்மா என் கையைப் பிடித்து, “மகள், என்ன நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத. இந்த வீட்டுக்குள்ளயே நான் மௌத்தாகிறன்” என்றார். நான் ஓம் என்றேன்.

இரண்டாம் நாள் காலை, மிஸ்ஸின் ஸ்கூட்டிச் சத்தம். என் மகளுக்கு நான்காம் மாதத் தடுப்பூசிக்குரிய வாரம். கிளினிக்குக்குக் கூட்டிவர நேரம் குறித்துக் கொடுக்க வந்திருக்கிறார். வழக்கமாக உம்மாதான் உள்ளிருந்தே “வாங்க மிஸ்” என்று குரல் கொடுப்பார். அன்று அறைக்குள் கிடந்தார். நான் முற்றத்தில் நின்றேன். சாவி கையில்.

“மகள், திறக்காட்டிப் பரவால்ல. புள்ளய ஜன்னலால காட்டுங்க.”

ஜன்னலைத் திறந்தால் உம்மாவின் இருமல் வெளியே கேட்கும். மிஸ் கேட்டால் எழுதுவார். எழுதினால் அம்புலன்ஸ் வரும். இது ஒரு பக்கம். மறுபக்கம், இவர் எத்தனையோ வீட்டுக்குப் போகிறவர், என் பிள்ளை நாலு மாதம் என்ற பயமும் உண்மையாகவே இருந்தது. இரண்டில் எது என் வாயைத் திறந்தது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. வாய் இதைச் சொன்னது.

“மிஸ், நீங்க அந்தத் தொங்கல் வீட்டுக்குப் போய்ட்டுத்தானே வாறீங்க? எங்கட புள்ளக்கிட்ட வராதீங்க.”

அவர் கோபிக்கவில்லை. “அங்க போனது முந்தாநாள். கேற்றுக்கு வெளியதான் நிண்டன். இப்ப நிக்கிற மாதிரி” என்றார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். “உம்மா எங்க?”

“தொழுறா.”

காலை ஒன்பதரை மணி, ஐந்து வேளைத் தொழுகையில் எதற்கும் சேராத நேரம். அவருக்கு எங்கள் தொழுகை நேரங்கள் எங்களைப் போலவே தெரியும். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்துக் கேற்றில் சாச்சி நின்றிருக்கிறார். என்ன மகள், மிஸ் அந்தத் தொங்கல் வீட்டுக்குள் போய்விட்டா வந்தா என்று கேட்டார். ஓம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஒழுங்கைத் தாய்மாருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதை உருவாக்கித் தந்தவரே மிஸ்தான், கிளினிக் நாட்களை அறிவிப்பதற்காக. பிறகு தான் அதில் இருந்தால் நாங்கள் கூச்சப்படுவோம் என்று விலகிக்கொண்டார். அதில் நான் எழுதினேன்: மிஸ் அந்த வீட்டுக்குள்ள போய் வந்திருக்கா, புள்ளகள் கவனம். எழுத்துப் பிழைகூட இல்லாத ஒரு வரி.

பின்னேரத்துக்குள் குழுக் கதையில் மிஸ்ஸுக்கு நோய் வந்துவிட்டது. மறுநாள் அவரை அம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். அதற்கு மறுநாள் அவர் நோயை மறைத்துக்கொண்டு வேண்டுமென்றே வீடு வீடாக வருகிறார் என்று ஒரு குரல் பதிவு. யார் பேசியது என்று தெரியாது. அழுகைக் குரல். அவர் வந்தபோது கேற்றுகள் திறக்கவில்லை. ஸ்கூட்டி நின்ற இடத்தில் வாளி வாளியாகச் சவர்க்காரத் தண்ணி ஊற்றினார்கள். ஒருவருடைய கணவர் அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்தார். அவருடைய சொந்த ஊர்க் கடையிலேயே அவருக்குச் சாமான் கொடுக்கவில்லை என்றார்கள். இது நான் கண்டதல்ல, கேட்டது.

நான் வாய் திறக்கவில்லை. உள்ளே உம்மாவுக்குக் கொத்தமல்லி அவித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். குசினி வாசலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கடப்புத் தகரம் அசைந்தது. ராத்தா என்று நினைத்தேன். மிஸ். இரண்டு மாஸ்க், கையில் குடை. ராத்தாவின் கேற்றால் வந்து, அவளுடைய குசினியைத் தாண்டி, நாங்கள் நடக்கும் அதே தடத்தால் வந்திருந்தார். கொய்யா மரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

சுகமா என்று கேட்கவில்லை. உம்மாவுக்குக் காய்ச்சலா என்றும் கேட்கவில்லை.

“உம்மாக்கு இண்டைக்கு எத்தினாம் நாள் மகள்?”

“அஞ்சு” என்றேன்.

குசினிப் பக்கத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார். உம்மாவை அந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கச் சொன்னார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். தராசு முள்ளைப் பார்ப்பதுபோல உம்மாவின் நெஞ்சைப் பார்த்தார். குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் இப்படித்தான் ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவார். இரண்டு தடவை எண்ணினார்.

“உம்மா, இப்ப போகோணும்.”

உம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மூச்சுக்கு இடையில் ஒவ்வொரு சொல்லாக, “எரிப்பாங்க மிஸ்” என்றார்.

தொலைக்காட்சியில் வந்தவர்கள் எல்லாம் அது வீண் பயம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிஸ் அப்படிச் சொல்லவில்லை.

“ஓம். அது கேட்டதில்ல, கண்டது. நடக்காதெண்டு நான் சொல்லமாட்டன்.”

“ஒங்கடாக்களுக்கு எரிக்கிறது பழக்கம்.”

“ஓம் உம்மா, எங்களுக்குப் பழக்கம். என்ர ஆக்களக் கொண்டுபோய் எங்களக் கேக்காம ஒருத்தர் புதைச்சாரெண்டா, நானும் இப்பிடித்தான் கட்டிலப் பிடிச்சிட்டுக் கிடப்பன். ஆனா இன்னொண்டும் கண்டிருக்கிறன். நேரத்தோட போன ஆக்கள் நடந்து திரும்பி வந்தத. ஒங்கட மூச்ச இப்ப எண்ணினன். இண்டைக்கு நேரம் இருக்கு. நாளைக்கும் இருக்குமெண்டு சொல்ல எனக்குத் தெரியாது.”

மிஸ் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் உம்மா கேட்டது ஒன்றுதான். “நீங்க கூட வருவீங்களா?”

“அம்புலன்ஸ்ல ஏற விடமாட்டாங்க. பின்னால ஸ்கூட்டில வாறன்.”

வந்தார். ஆஸ்பத்திரி வாசல்வரை பின்னாலேயே வந்ததாக உம்மா இன்றும் சொல்வார். வாகனத்தின் பின்கண்ணாடியால், ஸ்கூட்டியில் கொழுவியிருந்த அந்தக் கறுப்புக் குடையைப் பார்த்துக்கொண்டு போனாராம். பதினாறு நாள் கழித்து உம்மா நடந்து வீட்டுக்கு வந்தார். ராத்தா வீட்டிலும் பரிசோதித்தார்கள். மச்சானுக்கு, ராத்தாவின் கணவருக்கு, நோய் இருந்தது. பின்வீதியில் அறிவித்தல் ஒட்டினார்கள். அது வேறு பட்டியல். எங்கள் ஒழுங்கையில் பல பேருக்கு அது தெரியாது.

உம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் சாச்சி வேலிக்கு மேலால் எனக்கு ஒன்று சொன்னார். மிஸ் பின்கடப்பால் வருவதற்கு முதல்நாள் ஒழுங்கையில் ஒவ்வொரு கேற்றிலும் நின்றிருக்கிறார். தன்னைப் பற்றிய கதையைச் சொன்னவர்களிடம், கண்டதா கேட்டதா என்று கேட்டிருக்கிறார். கேட்டது என்றவர்களிடம், யாரிடம் என்று. நோயைத் தேடிப் போவதுபோலவே, ஒரு கேற்றிலிருந்து அடுத்த கேற்றுக்கு. “எங்கட கேற்றுக்கும் வந்தா. நான் என்னகா செய்ய, நாடியால ஒங்கட வீட்டக் காட்டினன்” என்றார் சாச்சி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதை தொடங்கிய வீட்டில் ஒளிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்திருக்கிறார். குரல் கொடுக்காத உம்மா, ஒன்பதரை மணித் தொழுகை, ஒரே பக்கத்தில் எழுதிய இரண்டு வீடு. என் பொய்யின் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உம்மாவிடம் வந்தார். அந்தப் பொய் உம்மாவைக் காப்பாற்றியது என்று என் மனம் சில நாள் எனக்கே சமாதானம் சொல்லப் பார்க்கும். காப்பாற்றியது பொய்யல்ல. அதைக் கேட்டும் கோபிக்காமல் யோசித்த ஒருவர்.

முறைப்பாடு போயிருந்ததால் அவரை இரண்டு கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பரிசோதனையில் அவருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தச் செய்தியை எங்கள் குழுவில் ஒருவரும் அனுப்பவில்லை. நானும்தான்.

அந்த இடைவெளியில் மூலை வீட்டு ஹாஜியார் அதே நோயால் மௌத்தானார். எங்களிடம் அவரை அடக்கத் தரவில்லை. பிள்ளைகள் வெறும் கையோடு திரும்பி வந்து, கபுறு இல்லாமலே துஆ ஓதினார்கள். அந்த வீட்டின் அழுகைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஒழுங்கை கொடுத்தது: மிஸ் கொண்டுவந்தா. உம்மா காய்ச்சலுக்கு முதல்நாள் கடப்பால் வெளியே போய், ஹாஜியாரின் மனைவியோடு அரைநாள் இருந்து அரிசிமா வறுத்தவர். அது எனக்குத் தெரியும், உம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் வரவில்லை என்று என்னாலும் சொல்ல முடியாது.

மிஸ் திரும்பி வேலைக்கு வந்தபோது பாதிக் கேற்றுகள் திறக்கவில்லை. சில மாதங்களில் சவளக்கடைப் பக்கம் மாறிப் போய்விட்டார். தானே கேட்டுப் போனார் என்கிறார்கள். கேட்டதுதான்.

அவரைப் பிறகு ஒரே ஒரு முறை கண்டேன். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், கல்முனை பஸ் நிலையத்தில். கையில் உடுப்புப் பையோடு நெரிசலில் நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் மகளைக் குனிந்து பார்த்து, “இப்ப எத்தின கிலோ?” என்று கேட்டார். சொன்னேன். உம்மாவை விசாரித்தார். சொன்னேன். “மிஸ், அண்டைக்கு நான்…” என்று தொடங்கினேன். அவர் கேட்காததுபோல வேறொன்று கேட்டார். “ஒழுங்கையில இப்ப எத்தின கைப்புள்ளகள்? புது மிஸ்ஸுக்குக் கதவு திறக்கிறாங்களா?”

“ஓம் மிஸ்” என்றேன். அதுவும் முழு உண்மையில்லை. சில வீடுகளில் இன்னும் கேற்றுக்கு வெளியேதான் நிற்க வைக்கிறார்கள். பழகிவிட்டது. பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம், மகளை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போனோம். அவளுடைய கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்த ஆசிரியை, நிறைக் கோட்டில் நான்காம் மாதத்திலிருந்து மூன்று புள்ளி இல்லையே, ஊசியும் பிந்திப் போட்டிருக்கிறதே என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் உம்மா தொடங்கிவிட்டார். கொரோனா நேரம், அப்போது இருந்த மிஸ்தான் எங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவந்தா, எனக்கும் அவவாலதான் வந்தது, பாவம், தெரியாமல் செய்தது, தங்கமான மனிசி, அவ இல்லாவிட்டால் நான் இன்றைக்கு இல்லை என்று. தன்னைக் காப்பாற்றியவரைத் தன் வாயாலேயே குற்றவாளியாக்கி, அதற்கும் சேர்த்து மன்னித்து, அவருக்காக துஆவும் கேட்கிறார் உம்மா. நான் பக்கத்தில் இருந்து தலையை ஆட்டினேன். ஆட்டினேன் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

இதை வாசிப்பவர்களிடம் கேட்கிறேன். நான் உண்மையைச் சொன்னால் மிஸ்ஸின் பெயர் சுத்தமாகும். ஆனால் மூலை வீட்டார் அடுத்த கணமே என் ராத்தாவின் வாசலைப் பார்ப்பார்கள், அந்த அரிசிமாவை நினைப்பார்கள், உம்மாவைப் பார்ப்பார்கள். கொண்டுவந்த ஆளைத் தேட வேண்டாம் என்று சொன்னவரும் மிஸ்தான். அவருடைய சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் பேசாமல் இருக்கலாம். ஆனால் ஒழுங்கை ஏற்கனவே ஓர் ஆளைத் தேடிப் பிடித்துவிட்டதே. அது அவர்தானே. சவளக்கடைக்குப் போய் அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதுமா? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரிந்தவரிடம் சொல்வதால் யாருக்குக் கதவு திறக்கும்?

ஆசிரியை ஒரு படிவம் தந்திருக்கிறார். தடுப்பூசி பிந்தியிருந்தால் காரணம் எழுத வேண்டும், தாயின் கையொப்பத்தோடு. கொரோனா காலம் என்று இரண்டு சொல் எழுதினால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். கட்டம் சிறியது, ஒரு வரிதான் பிடிக்கும்.

அதில் நான் என்ன எழுதட்டும்?